ஏலியனத் தேடறது உண்மையிலேயே சயின்ஸா? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

கொஞ்ச வருஷமா லீவு நாள்ல மொட்டை மாடியில டெலஸ்கோப் வச்சு அக்கம்பக்கத்துப் பசங்களுக்கு வியாழன், சனி எல்லாம் காட்டிட்டு இருக்கேன். சனியோட வளையத்தப் பாத்துட்டு கண்ண எடுத்த உடனே பசங்க கேக்கற மொதல் கேள்வி "அங்க யாராவது இருக்காங்களா"ங்கறதுதான். உடனே கூட வந்த அப்பாவோ மாமாவோ "இதெல்லாம் வேலையத்த வேலை, இதுக்குப் பேரு சயின்ஸா"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வருது, அதனால கேட்டவங்க கேட்ட வார்த்தையிலயே எழுதி கீழ எனக்குத் தெரிஞ்ச பதிலப் போட்டிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, முன்னாடி சொன்னத பின்னாடி மறுபடி சொல்லல.

அண்ணா, ஏலியனத் தேடறாங்கன்னு சொல்றாங்களே, நெஜமா என்னதான் பண்றாங்க?

மூணு வழியில தேடறாங்க. ஒண்ணு, நம்ம சூரியக் குடும்பத்துக்குள்ளயே நேர்ல போய்ப் பாக்கறது. 2021 பிப்ரவரியில பெர்சவரன்ஸ் ரோவர் செவ்வாய்ல ஜெசீரோங்கற பள்ளத்துல இறங்குச்சு, அது ஒரு காலத்துல ஏரியா இருந்த இடம், அங்க பாறையத் துளைச்சு துளைச்சு பாத்துட்டு இருக்கு. யூரோப்பா கிளிப்பர்ங்கற விண்கலம் 2024 அக்டோபர்ல கிளம்பிடுச்சு, 2030ல வியாழன்கிட்ட போய்ச் சேரும், அங்க யூரோப்பாங்கற நிலாவோட பனிக்கட்டிக்குக் கீழ இருக்கற கடல்ல உயிர் வாழ வசதி உண்டான்னு பாக்கறதுக்கு.

ரெண்டாவது, வேற நட்சத்திரங்களச் சுத்தற கிரகங்களோட காத்துல என்னென்ன வாயு இருக்குன்னு பாக்கறது. மூணாவதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச ரேடியோ தேடல், சேட்டின்னு சொல்வாங்க. 1959ல கொக்கோனி, மாரிசன்னு ரெண்டு பேரு நேச்சர் இதழ்ல இது சாத்தியம்னு கணக்குப் போட்டு எழுதினாங்க, 1960ல ஃப்ராங்க் ட்ரேக் அமெரிக்காவுல கிரீன் பேங்க்ங்கற ஊர்ல 26 மீட்டர் ஆன்டெனாவ ரெண்டு நட்சத்திரத்தப் பாத்துத் திருப்பி வச்சாரு. மொத ரெண்டு வழியிலயும் தேடறது பெரும்பாலும் கிருமி மாதிரி சின்ன உயிர், பச்சைக் கலர் மனுஷன் கிடையாது.

யூடியூப்ல பறக்கும் தட்டு வீடியோ போடறவங்களும் இவங்களும் ஒரே கோஷ்டிதானே?

இல்லவே இல்ல. இந்தக் குழப்பந்தான் இந்தத் துறைக்குப் பெரிய கேடு. பறக்கும் தட்டுக்காரரு முடிவை கையில வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறாரு, "வந்துட்டாங்க, அரசாங்கம் மறைக்குது". ஆதாரம் இருந்தா அது ஆதாரம், இல்லன்னா மறைச்சுட்டாங்கங்கறதுக்கு அதுவே ஆதாரம், எப்படிப் போட்டாலும் அவரு தோக்கவே மாட்டாரு. சேட்டி ஆளுங்க எந்த நட்சத்திரம், எந்த அலைவரிசை, எத்தன நேரம், கருவி எவ்வளவு நுணுக்கமா பிடிக்கும்னு எல்லாத்தையும் எழுதி வச்சுட்டு "ஒண்ணும் கிடைக்கல"ன்னு பேப்பர் போடறாங்க. பெரிய தேடல்கள்ல பதிவான டேட்டாவயும் யாரு வேணா எடுத்துப் பாக்கலாம்.

வானத்துல பாத்த விளங்காத சமாச்சாரங்களப் பத்தி நாசா ஒரு குழு போட்டு 2023ல அறிக்கை விட்டுச்சு. அதுல வேற்றுக்கிரகத்துலேருந்து வந்ததுக்கு ஆதாரம் இல்லன்னும், இருக்கற பதிவுகளோட தரமே பத்தாதுன்னும் சொன்னாங்க.

இருக்கான்னே தெரியாத ஒண்ணுக்கு ஒரு சப்ஜெக்ட் எப்படிய்யா இருக்க முடியும்? பேய் ஆராய்ச்சி மாதிரில்ல இருக்கு?

இதை ரொம்ப முன்னாடியே ஒரு பெரிய ஆளு கேட்டுட்டாரு. ஜார்ஜ் கேலார்ட் சிம்சன்னு பரிணாமவியல்ல மலை மாதிரி ஆளு, 1964லயே, தன்னோட ஆய்வுப் பொருள் இருக்குங்கறதையே இன்னும் காட்டாத "விஞ்ஞானம்" இதுன்னு எழுதினாரு. நியாயமான கேள்விதான், நான் இத லேசா எடுத்துக்கல.

ஆனா ஒரு துறை சயின்ஸா இல்லையாங்கறத, தேடற பொருள் கையில இருக்கான்னு வச்சு முடிவு பண்ண முடியாது. 1930ல பவுலிங்கற இயற்பியலாளர் நியூட்ரினோன்னு ஒரு துகள் இருக்கணும்னு சொன்னாரு, பிடிச்சது 1956ல. ஈர்ப்பு அலைகள் 1916ல சொன்னது, 2015ல தான் கருவியில விழுந்துச்சு. அந்த நடுவுல தேடிட்டு இருந்தவங்க பண்ணது சயின்ஸ் இல்லயா? பாக்க வேண்டியது எப்படித் தேடறாங்க, தப்புன்னு தெரிஞ்சா என்ன பண்றாங்கங்கறதுதான். பேய் ஆராய்ச்சியில இது பேய் இல்ல, காத்துன்னு கண்டுபிடிச்சு ஊருக்கே சொன்னவர நான் பாத்ததில்ல. இந்தத் துறையில அது எத்தன தடவை நடந்திருக்குன்னு கீழ வரும்.

நியூட்ரினோவ கணக்கு சொல்லுச்சு. ஏலியன எந்தக் கணக்கு சொல்லுது? ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?

இது ஒரு இன்ஜினியரிங் படிக்கற தம்பி கேட்டது, அன்னைக்கு நைட்டு எனக்குத் தூக்கம் வரல. சரியான பாயிண்ட். பீட்டா சிதைவுன்னு அணுக்கரு எலக்ட்ரானை வெளிய தள்ளற நிகழ்ச்சியில எனர்ஜி கணக்கு இடிச்சுது, அதை நேராக்க ஒரு துகள் தேவைப்பட்டுச்சு. வேற்றுக்கிரக உயிர் இல்லன்னா எந்தக் கணக்கும் இடிக்காது. இந்த வித்தியாசம் உண்மை, ஒத்துக்கறேன்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 1930ல நியூட்ரினோவ ஒருத்தர் கூட பாத்ததில்ல, ஆனா உயிருக்கு ஒரு உதாரணம் நம்ம கையிலயே இருக்கு, நாமதான். கல்லும் தண்ணியும் வெளிச்சமும் இருந்த ஒரு கிரகத்துல உயிர் வந்துச்சு, ரொம்ப சீக்கிரமாவே வந்துச்சு, சுமார் 350 கோடி வருஷத்துக்கு முந்தின பாறையிலயே நுண்ணுயிர் விட்டுட்டுப் போன அடையாளம் இருக்கு. அதே பொருள், அதே வேதியியல் வேற இடத்துலயும் இருக்கு. 1995ல சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்தச் சுத்தற மொத கிரகத்த மேயரும் கெலோசும் கண்டுபிடிச்சாங்க, இப்ப கணக்கு 5,000ஐத் தாண்டிடுச்சு. ஒரு தடவை நடந்தது இன்னொரு தடவை நடந்திருக்கான்னு பாக்கறது ரொம்ப சாதாரணமான விஞ்ஞானக் கேள்வி.

60 வருஷத்துக்கு மேல தேடிட்டாங்க, ஒண்ணும் சிக்கல, இன்னும் என்ன பிடிவாதம்?

தேடின அளவு எவ்வளவுன்னு தெரிஞ்சா இப்படிக் கேக்க மாட்டீங்க. இந்தத் துறையிலயே வாழ்க்கைய கழிச்ச ஜில் டார்ட்டர் சொல்ற உவமை, கடல்ல ஒரு டம்ளர் தண்ணி மொண்டு பாத்துட்டு கடல்ல மீனே இல்லன்னு சொல்ற மாதிரின்னு. 2018ல மூணு பேரு அந்தக் கணக்க மறுபடி போட்டாங்க, பூமியோட கடல் மொத்தத்துக்கு முன்னாடி நாம பாத்தது ஒரு சின்ன நீச்சல் குளத்துத் தண்ணி அளவுன்னு வந்துச்சு.

ஏன் இவ்வளவு கம்மின்னா, திசைய மட்டும் பாத்தா போதாது. பழைய ரேடியோவுல இலங்கை வானொலி பிடிக்க முள்ளை மயிரிழை மயிரிழையா நகத்துவாங்களே, கொஞ்சம் தள்ளிப் போனாலும் கொர்ருன்னு இரைச்சல்தான், அந்த மாதிரி சரியான திசை, சரியான அலைவரிசை, அவங்க அனுப்பற நேரம், நம்ம கருவிக்கு எட்டற பலம், இது எல்லாம் ஒரே நேரத்துல ஒத்து வரணும். அதுவுமில்லாம 60 வருஷமும் விடாம கேட்டுட்டு இருக்கல, காசு இல்லாம கிடந்த வருஷங்களும் உண்டு.

ஏலியன் "இல்லை"ன்னு எந்தக் காலத்துலயும் நிரூபிக்க முடியாது. தப்புன்னு காட்ட முடியாதது சயின்ஸ் இல்லன்னு தத்துவ அறிஞர் பாப்பர் சொல்லிட்டாரே?

பாப்பர் சொன்னது சரி. "எங்கயோ ஏதோ ஒரு உயிர் இருக்கு"ங்கற வாக்கியத்த பொய்யின்னு காட்டவே முடியாது, பிரபஞ்சம் பூரா போய்ப் பாக்கணும். அந்த வாக்கியத்த மட்டும் வச்சுக்கிட்டு யாராவது பேசினா அது சயின்ஸ் இல்லதான். ஆனா அந்த வாக்கியத்த யாரும் ஆய்வுக்கூடத்துல வச்சு சோதிக்கல, சோதிக்கறது எல்லை கட்டின சின்னச் சின்ன வாக்கியங்கள.

2017ல ப்ரேக்த்ரூ லிசன்ங்கற திட்டத்துல வந்த பேப்பர எடுத்துக்கோங்க. கிரீன் பேங்க் டெலஸ்கோப் வச்சு பக்கத்துல இருக்கற 692 நட்சத்திரத்த 1.1லேருந்து 1.9 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. அதோட நிறுத்தல, சுமார் 160 ஒளியாண்டுக்குள்ள இருக்கற நட்சத்திரங்கள்ல, நாங்க தேடின வகை டிரான்ஸ்மிட்டர் வச்சிருக்கறது 0.1 சதவீதத்துக்கும் கம்மியாத்தான் இருக்கும்னு ஒரு வரம்பு போட்டாங்க. "எல்லா நட்சத்திரத்துலயும் அப்படி ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கு"ன்னு நேத்து வரைக்கும் ஒருத்தர் சொல்லியிருக்கலாம், இன்னைக்குச் சொல்ல முடியாது. கிடைக்கலங்கறதும் ஒரு அளவுதான், அடுத்தவரு அதுக்கு மேலேருந்து ஆரம்பிப்பாரு.

சிக்னல் வந்தா அது நம்ம ஊரு செல்போன் டவர் இல்லன்னு எப்படி அடிச்சு சொல்வாங்க?

எனக்கு இந்தத் துறையில ரொம்பப் பிடிச்சதே இந்த இடந்தான். டெலஸ்கோப்ப நட்சத்திரத்து மேல அஞ்சு நிமிஷம், அப்புறம் தள்ளி வேற இடத்துல அஞ்சு நிமிஷம், மறுபடி நட்சத்திரம், மறுபடி தள்ளி, இப்படி மூணு சுத்து. நட்சத்திரத்தப் பாக்கறப்ப மட்டும் வந்து தள்ளிப் பாக்கறப்ப நின்னா தான் அடுத்த கட்டம். தள்ளிப் பாத்தாலும் வருதுன்னா அது பக்கத்து வீட்டுச் சத்தம். இன்னொண்ணு, பூமி சுத்தறதால வெளியேருந்து வர்ற அலைவரிசை மெதுவா நகரணும். நகராம ஒரே இடத்துல நின்னா அதையும் தள்ளிடுவாங்க.

2019ல ஆஸ்திரேலியாவுல பார்க்ஸ் டெலஸ்கோப் ப்ராக்ஸிமா செண்டாரிய பாத்தப்போ 982 மெகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு இந்த சோதனையெல்லாம் தாண்டி வந்துச்சு. நமக்கு ரொம்பப் பக்கத்து நட்சத்திரம், அதச் சுத்தி கிரகமும் இருக்கு, நகரவும் செஞ்சுது. விஷயம் வெளிய கசிஞ்சு உலகம் பூரா நியூஸ் ஆச்சு. அந்த டீம் என்ன பண்ணுச்சு? கொண்டாடல, தன்னோட சிக்னலையே உடைக்க உக்காந்துச்சு. மாசக்கணக்கா பழைய பதிவெல்லாம் தோண்டி, இதே சாயல்ல வேற அலைவரிசைகள்ல ஒரு 60 சிக்னல் இருக்கு, அதுல சிலது தள்ளிப் பாக்கறப்பவும் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம ஊரு எலக்ட்ரானிக் சாமான்கள் ஒண்ணோட ஒண்ணு கலந்து உண்டாக்கின சத்தம். 2021ல அவங்களே அத எழுதி வெளியிட்டாங்க.

அதே டெலஸ்கோப்ல பல வருஷமா புரியாம இருந்த இன்னொரு வகை சத்தம், ஏலியன் சம்பந்தப்பட்டது இல்ல, அது மைக்ரோவேவ் அவன் ஓடிட்டு இருக்கறப்பவே கதவத் திறந்தா வர்றதுன்னு 2015ல கண்டுபிடிச்சாங்க. சொந்த சமையலறைய சந்தேகப்பட்டுப் போய்ப் பாக்கறவங்கள நான் நம்புவேன்.

அப்ப அந்த "வாவ்" சிக்னல்?

1977 ஆகஸ்ட் 15, ஒஹையோவுல பிக் இயர்னு ஒரு டெலஸ்கோப், 72 செகண்ட் நல்ல பலமா ஒண்ணு வந்துச்சு, ஜெர்ரி எஹ்மன் பிரிண்ட்அவுட்ல வட்டம் போட்டு பக்கத்துல வாவ்னு எழுதினாரு. அதுக்கப்புறம் அதே இடத்த எத்தனையோ தடவை பாத்தும் வரல. திரும்ப வராதத வச்சு யாரும் எதையும் சொல்ல முடியாது, அதனால அது கண்டுபிடிப்புங்கற கணக்குல சேரல. கதையா கேக்க நல்லாருக்கும், அவ்வளவுதான்.

வைக்கிங் 1976லயே செவ்வாய்ல உயிரக் கண்டுபிடிச்சு நாசா அமுக்கிடுச்சாமே?

அமுக்கல, எல்லாம் அப்பவே அச்சுல வந்த சமாச்சாரம். ஆனா கதை ரொம்ப ருசியானது, பொறுமையா சொல்றேன். வைக்கிங்னு நாசா செவ்வாய்ல இறக்கின ரெண்டு விண்கலமும் அங்க மண்ண எடுத்து உயிர் இருக்கான்னு பாக்க மூணு சோதனை பண்ணுச்சு. அதுல கில்பர்ட் லெவினோட சோதனையில, மண்ணுல சத்துத் தண்ணி ஊத்தினா உள்ள இருக்கறது சாப்பிட்டு வாயு விடுதான்னு பாக்கணும். விட்டுச்சு! மண்ண 160 டிகிரியில வறுத்துட்டு ஊத்துனா விடல. உயிர் இருந்தா எப்படி இருக்கணும்னு முன்கூட்டியே எழுதி வச்சாங்களோ அதே மாதிரி.

ஆனா ரெண்டாவது தடவை சத்துத் தண்ணி ஊத்தினப்போ மறுபடி வாயு ஏறல, உயிரா இருந்தா இன்னும் சாப்பிட்டிருக்கணும். கூடவே போன இன்னொரு கருவி, மண்ணுல கரிமப் பொருளே, அதாவது உயிரோட உடம்புக்கு அடிப்படையான கார்பன் சேர்மமே, இல்லன்னு சொல்லிடுச்சு, உடம்பே இல்லாம எது சாப்பிடும்? அதனால பெரும்பாலானவங்க இது மண்ணோட வேதியியல்னு முடிவு பண்ணாங்க. 2008ல ஃபீனிக்ஸ் விண்கலம் அங்க பெர்குளோரேட்ங்கற உப்பைக் கண்டுபிடிச்சுது. அந்த உப்போட சேத்து சூடு பண்ணினா கரிமப் பொருள் எரிஞ்சு போயிடும், அப்ப வைக்கிங் சூடு பண்ணிப் பாத்ததே பாக்க வேண்டியத அழிச்சிருக்கலாம்! பின்னாடி க்யூரியாசிட்டி ரோவர் செவ்வாய்ப் பாறையில கரிமப் பொருள் இருக்குன்னும் காட்டிடுச்சு. லெவின் 2021ல சாகற வரைக்கும் உயிரத்தான் பாத்தோம்னு சொல்லிட்டே இருந்தாரு. அவரு சொன்னதையும் அச்சடிச்சாங்க, மறுத்தவங்களதையும் அச்சடிச்சாங்க.

இலங்கையில விழுந்த கல்லுல வேற்றுக்கிரகப் பாசி இருந்துச்சுன்னு பேப்பர்ல வந்துச்சே, அது என்னாச்சு?

2012 டிசம்பர்ல பொலன்னறுவை பக்கம் விழுந்ததா சொன்ன கல்லு. கொழும்புல பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் கூட இருந்தவங்களும், அதுல டயட்டம்ங்கற நுண்பாசி இருக்கு, வெளியேருந்து வந்ததுன்னு சில வாரத்துலயே எழுதிட்டாங்க. உயிர் விண்வெளியிலேருந்து பூமிக்கு வந்துச்சுங்கறது அவரு ரொம்ப காலமா வச்சிருக்கற கருத்து. மத்தவங்க கேட்டது ரெண்டே கேள்வி, அது முதல்ல விண்கல்தானா, அந்தப் பாசி நம்ம ஊரு நல்ல தண்ணியில இருக்கறதேதானே, கல்லுக்குள்ள அப்புறமா போகலன்னு எப்படித் தெரியும்? இதுக்கு மத்தவங்க ஏத்துக்கற பதில் வரல.

இதோட பக்கத்துல வச்சுப் பாக்க வேண்டியது இஸ்ரோ 2005ல ஐதராபாத்துலேருந்து பறக்க விட்ட பலூன். 16 ஸ்டீல் குழாய சுத்தம் பண்ணி, காத்தே இல்லாம உறிஞ்சு எடுத்து, திரவ நியான்ல முக்கி, 20 கிலோமீட்டர்லேருந்து 41 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் காத்தப் பிடிச்சுட்டு வந்தாங்க. ஐதராபாத்துல ஒரு லேப், புனேயில ஒரு லேப், தனித்தனியா சோதிச்சாங்க. மூணு புது பாக்டீரியா வகை கிடைச்சுது, ஒண்ணுக்கு ஆரியபட்டர் பேரு, ஒண்ணுக்கு இஸ்ரோ பேரு, ஒண்ணுக்கு வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் பேரு. இவ்வளவு பண்ணிட்டும் 2009ல இஸ்ரோ சொன்னது, இது வெளியேருந்து வந்ததுன்னு உறுதியா நிறுவல, தொடர்ந்து பாக்க ஊக்கம் தருதுன்னு மட்டுந்தான். தலைப்புச் செய்திக்கு ஆசைப்பட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருக்கலாம்.

கே2-18பியில உயிர் கண்டுபிடிச்சாச்சுன்னு போன வருஷம் வாட்ஸ்அப் பூரா ஓடுச்சே?

2025 ஏப்ரல்ல வந்தது. 124 ஒளியாண்டு தள்ளி இருக்கற கிரகம், கேம்பிரிட்ஜ்ல இருக்கற நம்ம இந்தியாக்காரரு நிக்கு மதுசூதனோட குழு ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்ல பாத்து, டைமெத்தில் சல்ஃபைடுங்கற வாயுவோட சாயல் தெரியுதுன்னாங்க. பூமியில அது கடல் நுண்ணுயிர்கள்கிட்டேருந்து வர்றது. ஆனா அவங்க சொன்ன நம்பிக்கை அளவு 3 சிக்மா, அதாவது வெறும் தற்செயலா அப்படி வர 0.3 சதவீத வாய்ப்பு. கண்டுபிடிப்புன்னு சொல்ல 5 சிக்மா வேணும்னு அவங்களே எழுதியிருக்காங்க, வாட்ஸ்அப்ல அந்த வரிய மட்டும் விட்டுட்டாங்க.

அப்புறம் வேற குழுக்கள் அதே டேட்டாவ எடுத்து அலசி, அவ்வளவு ஆதாரம் இல்லன்னாங்க. அந்த வாயு உயிரே இல்லாத வால்மீன்லயும் இருக்குன்னு 2024லயே ஒரு ஆய்வு வந்தாச்சு. இன்னும் சண்டை ஓடுது, ஓடட்டும்.

நம்ம கேலக்ஸியில எத்தன நாகரிகம் இருக்கும்னு கணக்குப் போட ட்ரேக் சமன்பாடுன்னு ஒண்ணு காட்டறாங்களே, ஏழு யூகத்தப் பெருக்கினா விடை மட்டும் எப்படி சயின்ஸாகும்?

விடைக்காக அத எழுதவே இல்ல. 1961ல கிரீன் பேங்க்ல ஒரு சின்னக் கூட்டம், என்னென்ன பேசணும்னு ட்ரேக் போட்ட பட்டியல் அது. அதுல வர்ற எண்ணைச் சொல்லி "நம்ம கேலக்ஸியில இத்தன நாகரிகம் இருக்கு"ன்னு யாராவது அடிச்சு விட்டா நம்பாதீங்க. ஆனா அன்னைக்கு வெறும் யூகமா இருந்த ஒரு இடம், எத்தன நட்சத்திரத்துக்கு கிரகம் இருக்குங்கறது, இப்ப அளந்தாச்சு, கிட்டத்தட்ட எல்லாத்துக்குமே. கடைசி நாலு இன்னும் இருட்டுதான்.

நம்மள மாதிரி உயிர மட்டுமே தேடினா, வேற மாதிரி இருந்தா தெரியாமலே போயிடுமே?

போகலாம், இது உண்மையான குறை. ஆனா தெரிஞ்சத வச்சாவது நம்ம வழி வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாத்திருக்காங்க. 1990 டிசம்பர் 8, வியாழனுக்குப் போற கலிலியோ விண்கலம் வழியில பூமிகிட்ட 960 கிலோமீட்டர்ல கடந்து போச்சு. வானியலாளர் கார்ல் சேகனோட குழு, பூமியப் பத்தி ஒண்ணுமே தெரியாத மாதிரி வச்சுக்கிட்டு கருவிகளத் திருப்பி, இங்க உயிர் இருக்கான்னு கேட்டாங்க. காத்துல ஏகப்பட்ட ஆக்ஸிஜன், கூடவே அதோட சேந்து நிக்கவே முடியாத மீத்தேன், சிவப்பு வெளிச்சத்த உறிஞ்சற ஏதோ ஒரு நிறமி, அதுக்கு மேல இயற்கையில வராத ரேடியோ. ஆஸ்திரேலியா, அன்டார்டிகா போட்டோவுல மட்டும் ஊரு இருக்கற அடையாளமே தெரியல. எது நம்பலாம், எது நம்பக் கூடாதுன்னு அதுலேருந்து கத்துக்கிட்டாங்க. பதில் தெரிஞ்ச இடத்துல மொதல்ல கருவிய சோதிக்கறதுதான் முறை.

பட்டினி கிடக்கற உலகத்துல இதுக்கு காசு கொட்டலாமா?

ரேடியோ தேடலுக்கு கொட்டவே இல்ல. நாசா 1992 அக்டோபர் 12ல ஒரு ரேடியோ தேடல ஆரம்பிச்சுது, வருஷத்துக்கு சுமார் 1.2 கோடி டாலர், நாசா பட்ஜெட்ல 0.1 சதவீதம் கூட வராது, அடுத்த வருஷமே செனட்டர் ரிச்சர்ட் பிரையன் நிறுத்திட்டாரு. அதுக்கப்புறம் பெரும்பாலும் தனியார் நன்கொடையிலதான் ஓடுது. செலவு வேண்டாம்னு சொல்றது ஒரு கருத்து, அதுல நியாயம் இருக்கலாம், ஆனா அது சயின்ஸா இல்லையாங்கறதுக்கு பதில் ஆகாது.

சரி, எது நடந்தா "இது சயின்ஸ் இல்ல"ன்னு நீங்களே ஒத்துக்குவீங்க?

முன்னாடி ஒரு தடவை நடந்திருக்கு. பெர்சிவல் லோவெல் 1894ல அரிசோனாவுல சொந்தக் காசுல ஆய்வகம் கட்டி, செவ்வாய்ல வாய்க்கால் வெட்டியிருக்காங்கன்னு வருஷக்கணக்கா வரைஞ்சாரு. நல்ல கருவி, கடுமையான உழைப்பு. ஆனா மத்தவங்க கண்ணுக்குத் தெரியலன்னா அவங்க ஊரு காத்து சரியில்லன்னுட்டாரு. 1965ல மாரினர் 4 அனுப்பின போட்டோவுல பள்ளந்தான் இருந்துச்சு, வாய்க்கால் ஒண்ணு கூட இல்ல. இன்னைக்கு இந்தத் துறையும் எதிரான முடிவு வர்றப்பல்லாம் சாக்கு சொல்லி டேட்டாவ மூடி வச்சா, எது வந்தா தோத்தோம்னு முன்கூட்டி சொல்ல மறுத்தா, அன்னைக்கு நான் டெலஸ்கோப் பக்கத்துல நின்னு பசங்ககிட்ட இதப் பத்திப் பேச மாட்டேன்.

2025 ஜூலையில வேற நட்சத்திரத்துப் பக்கத்துலேருந்து வந்த 3ஐ/அட்லஸ்ங்கற வால்மீன, ஆவி லோப்ங்கற ஹார்வர்ட் விஞ்ஞானி ஏலியன் கலமா இருக்கலாம்னு சொன்னப்போ, இதே துறை ஆளுங்கதான் இது வால்மீன்னு மொதல்ல எந்திரிச்சு சொன்னாங்க.

கடைசியா, இப்ப கையில இருக்கறதுல எது உருப்படி?

என்னக் கேட்டா, 2024 ஜூலையில பெர்சவரன்ஸ் பாத்த ஒரு பாறை, சேயாவா ஃபால்ஸ்னு பேரு வச்சிருக்காங்க. சிறுத்தைப் புள்ளி மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு, அந்தப் புள்ளிகள்ல இரும்பு சேந்த ரெண்டு கனிமம். பூமியில அந்த மாதிரி கனிமம் நுண்ணுயிர் சேத்துல வாழ்ந்த இடத்துல உண்டாகும், உயிர் இல்லாமலும் உண்டாகும். 2025 செப்டம்பர்ல நேச்சர்ல வந்த பேப்பர்ல "உயிரோட அடையாளமா இருக்க வாய்ப்பு"ன்னு மட்டுந்தான் எழுதியிருக்காங்க. உயிர் கண்டோம்னு சொல்றதுக்கு ஏழு படி இருக்கற ஒரு அளவுகோல நாசா ஆளுங்க 2021ல முன்வச்சாங்க, அதுல இது இன்னும் கீழ்ப்படியிலதான் நிக்குது.

மேல ஏறணும்னா அந்தப் பாறைத் துண்டு பூமிக்கு வந்து நல்ல லேப்ல அறுபடணும். துண்ட துளைச்சு எடுத்து ஒரு குழாய்ல அடைச்சாச்சு, அதைக் கொண்டு வர்ற திட்டம் பணச் சிக்கல்ல நிக்குது. குழாய் செவ்வாய்ல ரோவருக்குள்ளயே இருக்கு.